பூவாளியின் கடைசி வசனம்

“காலைக் கொஞ்சம் ஒதுக்கிக்கங்க” என்று சொன்ன சவப்பெட்டிக்காரர், யாரிடம் சொன்னோம் என்பது உறைத்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டார். பிறகு தானே குனிந்து, பெட்டிக்குள் படுத்திருந்தவரின் கால்களை மரியாதையாக ஓரத்துக்கு நகர்த்தினார். அந்த இடத்தில் ஒரு வெள்ளி நிற அட்டைப்பெட்டியை நிறுத்திப் பார்த்தார். படுக்க வைத்துப் பார்த்தார். குறுக்கே வைத்துப் பார்த்தார். எப்படி வைத்தாலும் அது சவப்பெட்டியின் விளிம்புக்கு மேல் துருத்திக்கொண்டு நின்றது.

“மூடி உக்காராதுங்க” என்றார்.

“ஓங்கி ஒரு அழுத்து அழுத்துங்க, உக்காரும்” என்றாள் இறந்தவரின் அக்கா.

“ஐயையோ, அழுத்தாதீங்க!” என்று பல் டாக்டர் குறுக்கே பாய்ந்தார். துக்கத்துக்கு வந்த மனுஷர் இரண்டு கையிலும் வெள்ளைப் பருத்தி உறை மாட்டியிருந்தார். “மூலை மடங்கிடும்மா. இத்தனை வருஷத்துல ஒரு மூலை மடங்கல. ஒரு கீறல் கிடையாது. சீல் உடையல.”

“மண்ணுக்குள்ள போனப்புறம் மூலை மடங்கினா என்ன, மடங்காட்டி என்ன? யாரு பார்க்கப் போறா?”

“யாரும் பார்க்க மாட்டாங்க. ஆனா எனக்குத் தெரியுமே! நான் எப்படித் தூங்குவேன்?”

சுவரோரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்த மருந்தம்மா ஒன்றும் பேசவில்லை. பேசித்தான் இவ்வளவு வந்தது. காலையில் அவள் வாயைச் சும்மா வைத்துக்கொண்டிருந்தால் இந்நேரம் அந்த அட்டைப்பெட்டி அலமாரியிலேயே இருந்திருக்கும்; அவள் புருஷனும் காலை நீட்டிக்கொண்டு நிம்மதியாகப் படுத்திருப்பார்.

தெருவில் எல்லோரும் அவளை மருந்தம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். முப்பது வருஷத்துக்கு மேல் மருந்துக் கடையில் நின்றவள். எந்த டாக்டர் எப்படிக் கிறுக்கினாலும் சீட்டைத் தூரத்தில் பிடித்து ஒரு பார்வை பார்த்தால் போதும், மருந்து கைக்கு வந்துவிடும். அவள் புருஷனுக்குத் தெரு வைத்த பெயர் பூவாளி. அதற்குக் காரணம் அந்த அட்டைப்பெட்டிக்குள் நிற்கிறவன்.

ஒரு முழ உயரம் இருப்பான். வெள்ளைக் கோட்டு, சாம்பல் நிறக் கையுறை, படிய வாரிய தலை. வலது கையில் நிஜத் தகரத்தில் செய்த குட்டிப் பூவாளி. காலடியில் ஒரு பூத்தொட்டி. பழைய உளவுப்படம் ஒன்றின் வில்லன் அவன். படத்தில் எப்போது பார்த்தாலும் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருப்பான். துப்பறிய வந்தவனை எதிரில் கட்டிப் போட்டிருப்பார்கள். இவன் அவனைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், “பாவம், செடி வாடுது” என்று ஒரு வார்த்தை சொல்வான். தரை திறந்துகொள்ளும். ஆள் போய்விடுவான். தமிழில் அந்தக் குரல் இவள் புருஷனுடையது.

வேற்றுமொழி வாய்க்கு நம் வார்த்தையைப் பொருத்திப் பேசுகிற வேலை அவருக்கு. எத்தனையோ படத்தில் பேசினார். போலீஸ்காரன், பாதிரியார், ஒருமுறை குதிரைகூட. ஆனால் மனசில் நின்றது பூவாளிக்காரன் ஒருவன்தான். படத்தில் அப்படி உறுமியவர் வீட்டில் பூனைக்குட்டி. “இன்னும் கொஞ்சம் காபி கிடைக்குமா?” என்று கேட்பதற்குள் இரண்டு தடவை தொண்டையைச் செருமுவார். ஓய்வுக்குப் பிறகு எந்த ஊர்க் கம்பெனியோ பழைய வில்லன்களையெல்லாம் பொம்மையாகச் செய்து விற்கிறது என்று கேள்விப்பட்டு, சொல்லி வைத்து வரவழைத்தார். நாயகன் பொம்மையும் சேர்த்து வாங்கினால் சலுகை என்றார்கள்.

“அவன் எதுக்கு? அவனுக்கு வேற யாரோ பேசினது” என்று சொல்லிவிட்டார்.

வந்த பொம்மையை அவர் பிரிக்கவே இல்லை. அதுதான் முறையாம். பிரித்தால் அது வெறும் பொம்மை, பிரிக்காவிட்டால் சேகரிப்பு என்று பல் டாக்டர் வந்து விளக்கினார். ஊரில் இப்படிப் பிரிக்காத பொம்மைகளை வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிற ஆட்களுக்கு ஒரு சங்கம் இருந்தது. டாக்டர்தான் தலைவர். “பிரிக்காத பொம்மையை என்னதான் செய்வீங்க?” என்று மருந்தம்மா ஒருநாள் கேட்டாள். “பிரிக்காம இருப்போம்” என்றார் டாக்டர், பெருமையாக.

அப்புறம் புருஷன் தொண்டையில் கட்டி வந்தது. குரல்வளையை எடுத்துவிட்டார்கள். மூச்சு விட கழுத்தில் ஒரு துளை. ஊரையே நடுங்க வைத்த குரலுக்குப் பதில் ஒரு சின்னச் சீறல்தான் மிச்சம். எழுதிக் காட்டச் சொன்னார்கள். பேனாவைத் தொட மாட்டேன் என்று பிடிவாதம் பிடித்தார். உதட்டை மட்டும் அசைப்பார். அன்றிலிருந்து மருந்தம்மாதான் அவருக்குக் குரல். டாக்டர்களின் கிறுக்கலையே படித்தவளுக்குச் சொந்தப் புருஷன் உதட்டைப் படிக்கவா தெரியாது? அவர் உதடு அசையும்; இவள் வாய் பேசும். யார் வீட்டுக்குப் போனாலும் இரண்டு பேரும் பக்கத்துப் பக்கத்து நாற்காலி.

வேலையில் இருந்த கறாரை அவர் விடவில்லை. இவள் ஒரு வார்த்தையை மாற்றிப் போட்டால் ஆள்காட்டி விரல் மேலே போகும். இன்னொரு டேக் என்று அர்த்தம்.

“சிகரெட்டை விட்டுட்டாராம், டாக்டர்” என்பாள் மருத்துவமனையில்.

விரல் மேலே போகும்.

“சரி. விடப் போறாராம்.”

மறுபடியும் விரல்.

“யோசிக்கிறாராம். போதுமா?”

சண்டை வந்தால்தான் வேடிக்கை. இரண்டு பக்கத்துக்கும் இவளே பேச வேண்டும். “‘நீ ஒரு பிடிவாதக்காரி’ங்கிறீங்க. ஆமா, பிடிவாதக்காரிதான். ‘உன்னைக் கட்டிக்கிட்டு நான் பட்ட பாடு’ங்கிறீங்க. என்ன பாடு பட்டீங்க? சொல்லுங்க, நானே சொல்றேன்!” கீழ்வீட்டில் இருப்பவர்கள் டி.வி.யை நிறுத்திவிட்டுக் கேட்பார்கள்.

கூடக் குறையச் சொல்லியிருக்கிறாள். வேண்டாத விருந்துக்கு அவருக்குத் தலைவலி வரவைத்திருக்கிறாள். ஆனால் ஒருநாளும் அவர் முகத்தைப் பார்க்காமல் பேசியதில்லை.

இன்று காலையில் பேசிவிட்டாள்.

*

மருத்துவமனையில் இனி செய்வதற்கு ஒன்றுமில்லை, சில நாள் இருப்பார், வீட்டில் வைத்துப் பாருங்கள் என்று அனுப்பியிருந்தார்கள். முன்னறையில் கட்டிலைப் போட்டிருந்தாள். எதிரே மேஜையில் தண்ணீர் ஜாடியில் சாய்த்து வைத்த போன். அதில் வெளிநாட்டிலிருக்கும் மகள். கட்டிலுக்கு இந்தப் பக்கம் அக்கா, அந்தப் பக்கம் பல் டாக்டர். நோயாளியைப் பார்க்க வந்தவர்கள், சமையலறைக் கதவோரம் இருந்த அலமாரியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“சங்கத்துல வெச்சா நாலு பேர் பார்ப்பாங்க. கண்ணாடிப் பெட்டி, தனி விளக்கு...” என்று டாக்டர் ஆரம்பித்தார்.

“உங்க சங்கமா பேசிச்சு? என் தம்பி பேசினது. அவன் குரல் எங்க குடும்பத்துச் சொத்து. எங்கூட வரட்டும்.”

“உங்க வீட்ல வெயில் நேரா விழுதும்மா. சாயம் போயிடும்.”

“உங்க தலையில கூடத்தான் நேரா விழுது. நீங்க இருக்கலையா?”

மருந்தம்மா அவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஜன்னல் வெளிச்சத்தில் மருந்தை அளவு மூடியில் ஊற்றிக்கொண்டிருந்தாள். கொஞ்சம் சிந்தியது. எரிச்சலாக வந்தது.

“ஏதோ சொல்றான் பாரு” என்றாள் அக்கா. “அலமாரியைப் பார்த்துத்தான் சொல்றான். பொம்மையைப் பத்திதான். யாருக்குங்கிறான்? என்ன சொல்றான், சொல்லேன்!”

அவள் திரும்பவில்லை. மூடியில் கோட்டைப் பார்த்தபடியே சொன்னாள்:

“பொம்மை யாருக்கும் கிடையாதாம். தன்னோட சேர்த்துப் புதைச்சுடணுமாம். போதுமா ரெண்டு பேருக்கும்?”

அறை கப்சிப்பென்று ஆனது. அப்பாடா என்று மருந்தோடு திரும்பினாள். அவர் போயிருந்தார்.

அவ்வளவுதான். கடுப்பில் சொன்ன பேச்சு, அவள் திரும்புவதற்குள் கடைசி ஆசையாகிவிட்டது. வந்தவர்களிடமெல்லாம் அக்கா அதைச் சொல்லிச் சொல்லி அழுதாள். “எங்க ரெண்டு பேருக்கும் சண்டை வரக்கூடாதுன்னு தன்னோட எடுத்துட்டுப் போறான் பாருங்க, மகராசன்!” ஒவ்வொரு முறை சொல்லும்போதும் அது இன்னும் கொஞ்சம் அழகானது. மத்தியானத்துக்குள் வசனத்தில் “அக்கா” என்ற சொல்லும் சேர்ந்துவிட்டது.

மருந்தம்மாவுக்கு அழுகை வரவில்லை. எல்லோரும் அதை அதிர்ச்சி என்றார்கள். அவள் மனசில் ஓடியது ஒன்றே ஒன்று: அவர் என்ன சொன்னார்? எத்தனை வருஷமாகத் துணியை விரிப்பது போல அந்த உதட்டில் வந்ததையெல்லாம் விரித்துக் காட்டினவள், கடைசியாக வந்ததைப் பார்க்காமல் விட்டுவிட்டாள். அது இனிமேல் யாருக்கும் தெரியப்போவதில்லை.

*

“பொம்மையை மட்டும் வெளிய எடுத்தா தாராளமா வெக்கலாங்க” என்றார் சவப்பெட்டிக்காரர். “கக்கத்துல செருகிடலாம். இடைஞ்சலே இருக்காது.”

பல் டாக்டர் உட்கார இடம் தேடினார். “பிரிக்கிறதா? அதுக்கு என்னையும் சேர்த்துப் படுக்க வெச்சுடுங்க.”

“இடம் இல்லீங்க” என்றார் சவப்பெட்டிக்காரர்.

“கத்தரிக்கோல் எங்க இருக்கு?” என்று அக்கா எழுந்தாள்.

அப்போது ஜாடியில் சாய்ந்திருந்த போனிலிருந்து மகளின் குரல் வந்தது. காலையிலிருந்து அழுது அழுது மூக்கடைத்த குரல். விமானத்தில் இடம் கிடைக்காமல் அங்கேயே மாட்டிக்கொண்டிருந்தாள்.

“அம்மா, என்னைக் கொஞ்சம் உள்ள தூக்கிட்டுப் போ.”

மருந்தம்மா மகளைத் தூக்கிக்கொண்டு படுக்கையறைக்குப் போய்க் கதவைச் சாத்தினாள்.

“என்னடி கண்ணு? சாப்பிட்டியா?”

“அம்மா, நீ காலைல சொன்னது அப்பா வாய்க்கு ஒட்டலம்மா.”

“என்ன ஒட்டல?”

“உதடும்மா! பொம்மைன்னு சொன்னா உதடு ரெண்டு தடவை ஒட்டணும். புதைன்னு சொன்னா இன்னொரு தடவை. அப்பா உதடு ஒரு தடவைகூட ஒட்டல. திறந்தேதான் இருந்துச்சு. நான் பார்த்தேன்.”

யார் பெற்ற பெண்! ஐந்து வயதில் அப்பன் மடியில் உட்கார்ந்து, சத்தத்தை அணைத்துவிட்டு டி.வி. பார்த்த பெண். திரையில் யாரோ வாயசைப்பார்கள். “இப்ப ஒட்டிச்சு பாரு, ப போடு, இல்லாட்டி ம போடு. ஒட்டாத இடத்துல போட்டியோ, கல்லு கடிச்ச மாதிரி இருக்கும்” என்று அவர் சொல்லிக் கொடுப்பார். மற்ற பிள்ளைகள் கூட்டல் கழித்தல் படித்த வயதில் இது உதடு படித்தது.

“நீ எங்கயோ தூரத்துல இருக்க. சின்னத் திரையில பார்த்துட்டு...”

“அம்மா.”

“...அவர் உதடு வறண்டு கிடந்துச்சு. சரியா ஒட்டாம...”

“அம்மா, பொய் சொல்லாத.”

மருந்தம்மா கட்டிலில் உட்கார்ந்தாள். புடவைத் தலைப்பை விரலில் சுற்றினாள், பிரித்தாள்.

“நான் பார்க்கலடி” என்றாள். “திரும்பிப் பார்க்கல. அவங்க தொல்லை தாங்காம வாய்க்கு வந்ததைச் சொன்னேன். அதுக்குள்ள அந்த மனுஷர்...”

போனில் மகள் மூக்கை உறிஞ்சினாள். பிறகு மகள் சொன்னாள்:

“எங்கிட்ட இருக்கும்மா.”

“என்னது?”

“வீடியோ. அப்பாவுக்கு முடியாமப் போனதுலேர்ந்து போன்ல பேசறதையெல்லாம் பதிவு பண்றேன். அனுப்பட்டுமா? பார்க்கிறியா?”

வெளியே அக்காவின் குரல் கேட்டது. “கத்தரிக்கோல் கிடைச்சிடுச்சு! எங்க வெட்டணும்?” பதிலுக்குப் பல் டாக்டரின் முனகல்.

மருந்தம்மா யோசித்தாள். தெரியாமல் இருந்தால் எதை வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளலாம். நல்லபடியாக ஏதாவது. உன்னை விட்டுட்டுப் போறேனே என்பது மாதிரி. பார்த்துவிட்டால் அவ்வளவுதான், அப்புறம் மாற்ற முடியாது. “தண்ணி” என்று கேட்டிருந்தால்? கேட்டு, இவள் திரும்பாமல், கிடைக்காமலே போயிருந்தால்?

“அனுப்பு” என்றாள்.

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, போனை மருந்துச் சீட்டைப் பிடிப்பது போலத் தூரத்தில் பிடித்தாள்.

சின்னச் சதுரத்துக்குள் முன்னறை தெரிந்தது. இரு பக்கமும் இரண்டு தலைகள். வெயில் தலை என்ன, கண்ணாடிப் பெட்டி என்ன, சத்தம் ஓடிக்கொண்டிருந்தது. மூலையில் ஜன்னலைப் பார்த்தபடி அவள் முதுகு. ரவிக்கையின் தையல் ஓரிடத்தில் விட்டிருந்தது. காலையிலிருந்து யாருமே சொல்லவில்லை. நடுவில் தலையணையில் அவர். அவர் கண் அலமாரிப் பக்கம் போனது. அக்கா சொன்னது சரிதான். ஆனால் அலமாரியில் நிற்கவில்லை. அதைத் தாண்டி, திறந்திருந்த கதவைத் தாண்டி, சமையலறைக்குள் போனது. அங்கே அவருக்கு ஆவி பிடிக்க வைத்த தண்ணீர் கொதிக்கும் சத்தம் வீடியோவில் மெல்லக் கேட்டது. பிறகு கண் அவள் முதுகுக்கு வந்தது. உதடு அசைந்தது.

அவளுக்கு இரண்டாவது தடவை பார்க்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. தினமும் படுக்கப் போகும்போதும், வெளியே கிளம்பும்போதும், பாதி வழி போன பிறகும் அவர் கேட்கிற கேள்வி. கல்யாணமான நாளிலிருந்து கேட்டுச் சலித்த கேள்வி.

கேஸை அணைச்சியா?

அவள் சிரித்துவிட்டாள். “அட என் ராசா” என்றாள்.

“என்னம்மா? என்ன சொன்னார்?”

“இரு.”

வீடியோ இன்னும் ஓடியது. அவள் முதுகு பேசியது: பொம்மை யாருக்கும் கிடையாதாம். தன்னோட சேர்த்துப் புதைச்சுடணுமாம். அவர் முகம் ஒரு கணம் திகைத்தது. ஆள்காட்டி விரல் போர்வைக்கு மேல் எழுந்தது. பாதி தூரம் வந்தது. அப்போது அவர் அக்காவையும் டாக்டரையும் பார்த்தார். இரண்டு பேரும் வாயைப் பிளந்துகொண்டு நின்றார்கள். விரல் அப்படியே இறங்கியது. தோள் குலுங்க ஆரம்பித்தது. சத்தமில்லாமல், கழுத்துத் துளையில் காற்று புஸ் புஸ்ஸென்று போக, மனுஷர் சிரித்தார். சிரித்த முகத்தோடு தலையணையில் சாய்ந்தார். அப்புறம் அசையவில்லை.

*

அவள் கதவைத் திறந்தபோது கத்தரிக்கோலின் நுனி சீலின் மேல் இருந்தது. டாக்டர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

“அண்ணி, நிறுத்துங்க” என்றாள் நாத்தனாரிடம்.

“என்ன?”

“அவர் அப்படிச் சொல்லல. நான்தான் கோவத்துல சொல்லிட்டேன். இப்பத்தான் வீடியோல பார்த்தேன். அவர் கேட்டது ‘கேஸை அணைச்சியா’ன்னு.”

எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள்.

“பாவம், அதிர்ச்சி” என்றார் யாரோ.

“உட்கார வைங்க, தண்ணி குடுங்க” என்றார் இன்னொருவர்.

அக்கா கத்தரிக்கோலை அவள் முகத்துக்கு நேரே ஆட்டினாள். “சாகப்போறவன் கேஸைப் பத்தியா கேப்பான்? திரையில ஊரையே அழிச்ச குரல் அது! அவன் வாயிலேர்ந்து கடைசியா கேஸா வரும்? என் காதால கேட்டேன், பொம்மையைத் தன்னோட...”

“அது என் குரல் அண்ணி. நீங்க கேட்டது என் குரல்.”

எத்தனையோ வருஷமாக அவள் கூட்டியும் குறைத்தும் சொன்னதையெல்லாம் ஊர் நம்பியது. இன்று உள்ளதை உள்ளபடி சொன்னால் தண்ணீர் கொடுக்கச் சொல்கிறார்கள்.

சவப்பெட்டிக்காரர் மட்டும் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். “எங்கப்பா கடைசியா குடையைக் கேட்டாருங்க” என்றார். “வெளிய மழைகூட இல்ல.”

அக்கா கத்தரிக்கோலை மேஜையில் வைத்தாள். குரல் மாறியது. சின்னப் பெண் மாதிரி கேட்டாள்:

“என்னைப் பத்தி ஒண்ணும் சொல்லலையா அவன்?”

மருந்தம்மா அவள் முகத்தைப் பார்த்தாள். ஒரே ஒரு வார்த்தை போதும். “அக்கா” என்று சொன்னதாகச் சொல்லிவிட்டால் ஆயுசுக்கும் சந்தோஷப்படுவாள். பழைய மருந்தம்மா கண்ணை மூடிக்கொண்டு சொல்லியிருப்பாள். நாக்கு நுனிவரை வந்தது.

“சொல்லல அண்ணி. ஆனா உங்களைப் பார்த்தார். நீங்களும் டாக்டரும் வாயைப் பிளந்துட்டு நின்னீங்களே, அதைப் பார்த்துச் சிரிச்சார். இங்க வாங்க, நீங்களே பாருங்க.”

அக்கா போனை வாங்கினாள். பல் டாக்டர் உறையைக் கழற்றிவிட்டு அவள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். குலுங்குகிற தோளை இரண்டு பேரும் பார்த்தார்கள்.

“கழுதை” என்றாள் அக்கா. “சின்ன வயசுலயும் இப்படித்தான். நான் அடி வாங்கினா சத்தம் வராமச் சிரிப்பான்.” சிரித்தாளா அழுதாளா என்று சொல்ல முடியாமல் முகத்தைத் துடைத்தாள். “நீங்க என்ன டாக்டரே, இவ்ளோ பெரிசாவா வாயைத் திறப்பீங்க?”

“நோயாளிங்களைத் திறக்கச் சொல்லிச் சொல்லிப் பழகிடுச்சும்மா” என்றார் டாக்டர்.

பிறகு எல்லார் கண்ணும் வெள்ளிப் பெட்டிக்குப் போனது. அது இன்னும் அவர் கால்மாட்டில் துருத்திக்கொண்டு நின்றது.

“அப்ப இதை என்ன பண்றது?” என்றாள் அக்கா. “அவன் ஒண்ணும் சொல்லலையே.”

பழக்கத்தில் எல்லோரும் மருந்தம்மாவைப் பார்த்தார்கள். அவளும் பழக்கத்தில் பக்கத்தில் திரும்பிப் பார்த்தாள். அவர் வழக்கமாக உட்காரும் நாற்காலி காலியாக இருந்தது. அவள் குனிந்து பெட்டியை எடுத்தாள். நினைத்ததைவிட லேசாக இருந்தது.

“இங்கயே இருக்கட்டும்” என்றாள்.

“இது யாரு சொல்றது? அவனா, நீயா?”

“நான்தான் அண்ணி.” சொன்ன பிறகு அவளுக்கே அந்தக் குரல் புதிதாக இருந்தது. “இது நான் சொல்றது. எனக்கு வேணும். நீங்க எப்ப வேணும்னாலும் வந்து பாருங்க. டாக்டர், நீங்களும் வாங்க. வெயில் படாம வெக்கிறேன்.”

“பிரிக்க மாட்டீங்களே?” என்றார் டாக்டர்.

“எனக்குத் தோணினா பிரிப்பேன்.”

டாக்டர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். அவள் பெட்டியை அலமாரியில் வைத்தாள். சவப்பெட்டிக்காரர் இறந்தவரின் கால்களை மறுபடி நேராக நீட்டிவிட்டார். மூடி சத்தமில்லாமல் உட்கார்ந்தது.

தூக்கினார்கள். படிக்கட்டில் திரும்பும் இடத்தில் கொஞ்சம் திணறினார்கள். அக்கா மேலிருந்து வழி சொன்னாள், டாக்டர் கீழிருந்து வேறு வழி சொன்னார். வண்டியின் கதவு திறக்கிற சத்தம் கேட்டது. மருந்தம்மா செருப்பைப் போட்டுக்கொண்டு, ரவிக்கைத் தையல் தெரியாமல் தலைப்பை இழுத்து மூடிக்கொண்டு, வாசல்வரை வந்துவிட்டாள்.

“ஒரு நிமிஷம்” என்றாள்.

“இப்ப எங்க போற? வண்டி நிக்குது!”

அவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் சமையலறைக்குள் போனாள். அடுப்பில் பாத்திரம் அப்படியே இருந்தது. தண்ணீர் ஆறிப்போய், ஓரத்தில் வெள்ளையாக ஒரு கோடு படிந்திருந்தது. அடுப்பு அணைந்துதான் இருந்தது. யார் அணைத்தது என்று யோசித்தாள், நினைவுக்கு வரவில்லை.

மேடைக்குக் கீழே சிலிண்டர். அதன் குமிழை மூடுவது எப்போதும் அவர் வேலை. அவளுக்கு முட்டி மடங்காது. மேடை விளிம்பைப் பிடித்துக்கொண்டு மெல்ல மெல்ல இறங்கி, தரையில் உட்கார்ந்து, கையை உள்ளே விட்டாள். குமிழ் இறுக்கமாக இருந்தது. கீழே வண்டிக்காரன் ஹாரன் அடித்தான். இரண்டு கையாலும் பிடித்துத் திருகினாள். திருகி முடித்த பிறகு, சரியாக மூடியிருக்கிறதா என்று இன்னொரு தடவை திருகிப் பார்த்தாள்.